எல்லைக்கு உள்ளேயா, வெளியேயா?

ஆசிரியருக்கு,

ரஷ்ய விமானங்களை இடைமறித்த செய்திகளில், அவை எல்லைக்குள் நுழைந்தனவா என்பதே தெளிவாக இருப்பதில்லை. ஒரு நாட்டின் வான்வெளி கடற்கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர்தான். அலாஸ்காவின் வான் பாதுகாப்பு அடையாள மண்டலம், அதாவது நெருங்கி வரும் விமானங்கள் யாருடையவை என்று கண்காணிக்கும் பகுதி, அதற்கும் வெளியே வெகுதூரம் நீள்கிறது. 2025 செப்டம்பர் 24 அன்று டியூ-95 குண்டுவீச்சு விமானங்கள் அங்கே வந்தபோது அமெரிக்க எஃப்-16 போர் விமானங்கள் போய்ப் பார்த்தன. சரி, அத்துமீறல் எதுவும் இல்லை.

ஆனால் செப்டம்பர் 19 அன்று மூன்று ரஷ்ய மிக்-31 போர் விமானங்கள் டிரான்ஸ்பாண்டரை (விமானத்தின் அடையாளத்தை ரேடாருக்குத் தெரிவிக்கும் கருவி) அணைத்துவிட்டு 12 நிமிடம் தன் வான்வெளிக்குள் பறந்ததாக எஸ்டோனியா சொன்னது. ரஷ்யா மறுத்தது. அருகில் பயணிகள் விமானங்களும் பறக்கும் இடம் அது. இதுதான் உண்மையிலேயே ஆபத்தானது. விமான வகை, டிரான்ஸ்பாண்டர் நிலை, யாருடைய வான்வெளி என்பதை எங்களைப் போன்ற ஆர்வலர்கள்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. செய்தியிலேயே இவற்றைத் தாருங்கள்.

- விமான ஆர்வலர் ஒருவர்