துணிகரக் கொள்ளையும் துணிகர முதலீடும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'பட்டப்பகலில் துணிகரம்' என்று தலைப்பிட்டிருந்தால் உள்ளே இருப்பது திருட்டுச் செய்திதான் என்பது நாளிதழ் படிக்கும் எவருக்கும் தெரியும். அதே சொல் வணிகப் பக்கத்தில் 'துணிகர முதலீடு' என்று வந்து நிற்கிறது. 'வென்ச்சர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக நாம் பழக்கிவிட்ட இந்தச் சொல்லாட்சி பொருந்தவில்லை என்று கருதுகிறேன்.

'அட்வென்ச்சர்' என்பதன் பழைய வடிவம் முதலெழுத்தை இழந்து தேய்ந்ததே 'வென்ச்சர்'. 'வந்து சேர்தல்' என்று பொருள்படும் லத்தீன் வினைதான் இரண்டுக்கும் வேர். வரப்போவது நல்லதா கெட்டதா என்பது முன்கூட்டித் தெரியாது. கடல் வணிகர்கள் கப்பலேற்றி அனுப்பிய சரக்கையும் அக்காலத்தில் இப்பெயராலேயே சுட்டினார்கள், ஏனெனில் கப்பல் கரை சேர்ந்தால் ஆதாயம், கவிழ்ந்தால் முதலே போயிற்று. அடமானம் கேட்காமல் புதிய நிறுவனங்களில் பணம் போடும் 'துணிகர முதலீட்டாளர்'களின் நிலையும் இதுவே. 1946-இல் அமெரிக்காவில் இதற்கென்றே தொடங்கப்பட்ட ஒரு நிறுவனம், 1957-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தில் போட்ட 70,000 டாலர் பின்னாளில் பன்மடங்காகப் பெருகியது. மூழ்கியிருந்தால் திருப்பிக் கேட்க வழியில்லை. பூட்டை உடைப்பவனின் துணிச்சலுக்கும் இதற்கும் என்ன உறவு?

அன்றாட ஆங்கிலத்தில் இச்சொல் இன்னும் மென்மையானது. ஒரு கருத்தை 'வென்ச்சர்' செய்வதாகச் சொல்பவர் வீரம் பேசவில்லை. தவறாகவும் இருக்கலாம் என்ற பணிவோடு அதை முன்வைக்கிறார். கூட்டத்தில் யாரும் பதில் சொல்ல முன்வரவில்லை என்ற பொருளில் இவ்வினை வந்த ஒரு வரியை, மொழிபெயர்ப்பு பயிலும் மாணவர் ஒருவர் 'யாரும் பதிலளிக்கச் சாகசம் புரியவில்லை' என்று எழுதி வந்தார். 'யாரும் வாய் திறக்கவில்லை' என்று திருத்தினேன். அகராதியில் அப்படி இல்லையே என்று தயங்கினார். 'ஜாயின்ட் வென்ச்சர்' என்பதைக் 'கூட்டு முயற்சி' என்பது சரியே. அங்கே ஆங்கிலத்திலேயே இடர் என்ற பொருள் மங்கிவிட்டது.

தமிழில் 'துணிதல்' என்ற வினைக்கு அறுபடுதல், முடிவுக்கு வருதல், அஞ்சாது இறங்குதல் என மூன்று பொருளும் உண்டு. 'எண்ணித் துணிக கருமம்' என்னும் 467-ஆம் குறளில் எண்ணுதல் முன்னே நிற்கிறது, துணிதல் பின்னே வருகிறது. ஆராய்ந்து, இழப்புக்கும் ஆயத்தமாகிப் போடும் பணத்துக்கு 'துணிவு முதலீடு' என்பதே தகும். 'துணிகரம்' குற்றச் செய்திகளோடு இருக்கட்டும். தங்கள் வணிகப் பக்கத்தில் இம்மாற்றத்தைச் செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்