ஆறிய எஞ்சினைக் காட்டுங்கள்: வாகன சேல் உரிமையாளர்களுக்கு மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

பழைய வண்டி வாங்கி விற்கும் மதிப்புக்குரிய வாகன சேல் உரிமையாளர்களுக்கு,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை கினிகத்தேன ஏற்றத்தில் பொனட்டைத் திறந்துபோட்டு ஆவி பறக்க நின்ற வெள்ளை ஹைபிரிட் காரின் படம் உங்கள் கைப்பேசிகளுக்கும் வந்திருக்கும். வியாழக்கிழமை வாங்கிய வண்டி. ரோட்டோரக் கல்லில் இரண்டு பிள்ளைகளோடு ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். விற்றது எந்த சேல் என்று இங்கே எழுதப் போவதில்லை. விற்றவருக்குத் தெரியும், அது போதும். இதே காட்சியை இறம்பொடையிலும் பார்த்தாயிற்று, அப்புத்தளை ஏற்றத்திலும் பார்த்தாயிற்று. வண்டி வேறு, நிறம் வேறு, விலை வேறு. ஒன்று மட்டும் மாறுவதில்லை: வாங்க வந்தவர் சேலுக்குள் காலடி வைத்தபோது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது.

ஆகவே மலையகத்துக் கராஜ்காரர்களான எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. வாங்க வருகிறவர் முதல் நாளே போன் பண்ணிச் சொல்லிவிட்டால், மறுநாள் காலை அவர் வந்து நிற்கும் வரை அந்த வண்டியை யாரும் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். இரவு முழுக்க ஆறிய எஞ்சினை அவர் கண்முன்னே முதல் தடவையாக ஸ்டார்ட் பண்ணுங்கள். விலையைக் குறைக்கச் சொல்லவில்லை, உத்தரவாதப் பத்திரம் கேட்கவில்லை. ஆறிய எஞ்சின், அவ்வளவுதான்.

சூடான எஞ்சின் எதையெல்லாம் மறைக்கும் என்று உங்களுக்கு நாங்கள் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வாங்குகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால்தான் விவரமாக எழுதுகிறோம்.

2009 முதல் 2015 வரை வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸை எடுத்துக்கொள்வோம். 1,797 சி.சி. எஞ்சின். எரிந்த புகையில் ஒரு பங்கைக் குளிர்வித்து மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். கூலரில் நாளடைவில் கரி அடைக்கும். குளிர்ந்த புகை போதிய அளவு திரும்பி வராவிட்டால் எரியும் அறையில் சூடு ஏறும். எஞ்சினின் மேல் பாகத்துக்கும் சிலிண்டர்களுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கஸ்கட் ஓரிடத்தில் மெல்ல விட்டுக்கொடுக்கும். வண்டியை நிறுத்திய பிறகும் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தில் அழுத்தம் இருக்குமல்லவா, அந்த அழுத்தம் இரவோடு இரவாகக் கொஞ்சம் கூலன்டை சிலிண்டருக்குள் கசியவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் கிடுகிடுவென்று ஆடும். கொஞ்ச நேரம்தான். உள்ளே இருந்த கூலன்ட் ஆவியாகி சைலன்சர் வழியே போனதும் பூப்போல ஓடத் தொடங்கிவிடும். பிறகு அன்று முழுக்க ஒரு குறையும் தெரியாது. கூலன்ட் போத்தலில் மட்டம் மட்டும் வாரத்துக்கு வாரம் இறங்கும், நிலத்தில் ஒரு சொட்டும் இருக்காது. கவனிக்காமல் விட்டால் என்றோ ஒரு காலை சிலிண்டரில் கூடுதலாகக் கூலன்ட் சேர்ந்திருக்கும். திரவம் அமுங்காது, பிஸ்டன் அதில் மோதும், பிஸ்டனைத் தாங்கும் கொனெக்டிங் ரொட் வளையும். அதோடு அந்த எஞ்சின் இரும்புக் கடைக்குத்தான்.

இப்போது உங்கள் முற்றத்துக்கு வருவோம். ஏழரை மணிக்கு வேலைப் பையன் வண்டிகளைக் கழுவ வெளியே எடுக்கிறார். ஆட வேண்டிய எஞ்சின் அப்போதே ஆடி முடிக்கிறது. ஒன்பது மணிக்கு ஹட்டனிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்த வாத்தியார் பூப்போல ஓடும் எஞ்சினைக் கேட்டுத் தலையாட்டுகிறார். பெட்ரோல் செட் வரைக்கும் சமதரையில் ஒரு சுற்று. ஹைபிரிட் என்பதால் அதில் பாதித் தூரம் பெட்டரியில்தான் ஓடியிருக்கும், எஞ்சின் விழித்திருக்கவே மாட்டாது. அந்தப் பெட்டரியின் கொள்ளளவு 1.3 கிலோவாட் மணித்தியாலம்தான். அவிசாவளையில் கடல் மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் ரோடு ஹட்டனுக்கு வரும்போது 1,200 மீற்றரைத் தாண்டிவிடுகிறது. கித்துல்கலைக்கு மேலே ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பெட்டரி கையை விரித்துவிடும். அதற்குப் பிறகு முழுப் பாரமும் அந்தப் பழுதான கஸ்கட்டின் தலையில். வாத்தியாருக்கு உண்மை தெரிய வருவது அங்கேதான், குடும்பத்தோடு.

ஹைபிரிட் இல்லாத வண்டிக்கும் இதே நியாயம்தான். ஆறிய எஞ்சினில் ஒயில் எல்லாம் கீழே உள்ள சம்ப் தொட்டியில் இறங்கியிருக்கும். ஸ்டார்ட் ஆன முதல் இரண்டு மூன்று செக்கனில் டைமிங் செயின் கடகடவென்று சத்தம் போட்டால், செயின் இழுபட்டிருக்கிறது அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் சோர்ந்திருக்கிறது. சூடான எஞ்சினில் ஒயில் ஏற்கெனவே மேலே இருப்பதால் அந்தச் சத்தம் வராது. முதல் ஸ்டார்ட்டில் ஒயில் எரிந்து ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல் தேய்ந்திருக்கிறது. ஏற்றத்தில் மிதிக்கும்போது விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங். முன்னது சமாளிக்கக்கூடிய செலவு, பின்னது எஞ்சினை இறக்கும் செலவு. 0டபிள்யூ20 என்ற மெல்லிய ஒயில் போட வேண்டிய எஞ்சினுக்கு 20டபிள்யூ50 என்ற தடித்த ஒயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்கும் வித்தை இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். சூட்டில் அது வாயை மூடி வைக்கும். ஆறியபின் அந்தத் தடித்த ஒயில் மேலே ஏறப் பிந்துவதால் சத்தம் இன்னும் கூடுதலாகவே கேட்கும்.

இன்னொன்று, ரேடியேற்றர் மூடி. சூட்டில் அதைத் திறக்கவே கூடாது, கொதி கூலன்ட் முகத்தில் அடிக்கும். "சூடா இருக்கு அண்ணே, திறக்க வேணாம்" என்று உங்கள் ஆட்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. வசதியான உண்மை. ஆறியிருந்தால் திறந்து கூலன்டின் நிறத்தைப் பார்க்கலாம், துரு ஓடியிருக்கிறதா, மேலே ஒயில் படலம் மிதக்கிறதா என்று பார்க்கலாம். வெறும் பைப் தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறது என்றால் அதுவும் தெரியும். ஸ்டார்ட் பண்ணிய கையோடு ரேடியேற்றரின் மேல் ஹோஸ் கல் போல இறுகினால், அல்லது நிறுத்தாமல் குமிழி வந்துகொண்டிருந்தால், ஹெட் கஸ்கட் வழியே எரிந்த புகை கூலன்டுக்குள் போகிறது. சந்தேகம் என்றால் நீல நிறத் திரவக் குழாயை ரேடியேற்றர் வாயில் வைத்துப் பார்க்கலாம், மஞ்சளாக மாறினால் கதை முடிந்தது. பத்து நிமிட வேலை.

உங்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறோம். நுவரெலியாக் காலைக் குளிரில் சைலன்சரில் வெள்ளையாக ஆவி வருவது சகஜம், சில நிமிடத்தில் அடங்கிவிடும். கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடிய வண்டியில் ஒயில் மூடியின் அடியில் கொஞ்சம் பால்நுரை கட்டுவதும் உண்டு. ஒயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் ஏறியிருந்தால்தான் பயப்பட வேண்டும். இதையெல்லாம் பார்த்த உடனே வண்டி சரியில்லை என்று எழுந்து போகிறவர்களுக்கு நாங்களே விளக்கம் சொல்லி அனுப்புகிறோம். அந்த அளவுக்கு உங்களோடு நியாயமாக நடக்கிறோம் என்பதை நினைவில் வையுங்கள்.

"வண்டிக் கணினியின் ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கிறதே, பழுதைக் காட்டும் ஒரு கோட் கூட இல்லையே" என்பீர்கள். இருக்காதுதான். பெரும்பாலான வண்டிகளில் கோட் அழித்த பிறகு ஓடிய தூரமும் கணினியில் பதிவாகும். உங்கள் ரிப்போர்ட்டில் அந்த வரியை மட்டும் ஏனோ அச்சடிப்பதில்லை. அதில் 4 கிலோமீற்றர் என்று இருந்தால், அந்தச் சுத்தமான ரிப்போர்ட் நேற்றுப் பிறந்தது என்று அர்த்தம். அதே ஸ்கேனரில் இன்னொன்றும் பார்க்கலாம். சுவிட்சைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல், கூலன்டின் வெப்பநிலையையும் உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் ஒப்பிட்டால் போதும். இரண்டும் ஓரிரு பாகை வித்தியாசத்துக்குள் நின்றால் இரவு முழுக்க ஆறிய எஞ்சின். கூலன்ட் மட்டும் 50ஐத் தாண்டி நின்றால், "இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலை" என்ற பேச்சுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

மலைக்காரர்கள் ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறார்கள் என்று தோன்றலாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 94 பாகையில் கொதித்துவிடும். பல எஞ்சின்களில் ரேடியேற்றர் காற்றாடி சுழலத் தொடங்குவதே கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான். 1.1 என்று அழுத்த அளவு குறித்த ரேடியேற்றர் மூடி நல்ல நிலையில் இருந்து அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் அதே தண்ணீர் 118 வரை தாங்கும். ஸ்பிரிங் சோர்ந்த ஒரு மூடி கொழும்பில் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் காலம் தள்ளும். இங்கே முதல் ஞாயிற்றுக்கிழமையே காட்டிக்கொடுத்துவிடும். காற்றும் மெல்லியது. டர்போ இல்லாத எஞ்சின் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். 52 குதிரைத்திறன் என்று நீங்கள் விற்கும் 658 சி.சி. வெகன் ஆர் இங்கே வந்து சேரும்போது 42 குதிரைதான். ஐந்து பேரையும் சாமான் மூட்டையையும் ஏற்றினால் அரை மணித்தியாலம் தொடர்ந்து முழு மிதியில் கதற வேண்டும். தேய்ந்த ரிங் ஒயிலைக் குடிப்பது அந்த அரை மணித்தியாலத்தில்தான்.

"மலைக்கு எந்த வண்டி நல்லது?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு எங்கள் பதிலில் ஒளிவுமறைவு இல்லை. நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 1,496 சி.சி. 1என்.இசட். எஞ்சின் போட்ட பழைய எக்ஸியோ, எலியன். சிக்கல் குறைவு, சாமான் கிடைக்கும். இரண்டு பேருக்கும் ஒரு பிள்ளைக்கும் 660 சி.சி. வண்டி போதும். ஒயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றும் பொறுமை வேண்டும், டர்போ என்றால் கட்டாயம். உலர் இரட்டை கிளச் கியர்பெட்டி போட்ட ஹைபிரிட் ஹொண்டாக்களை ஏற்றத்தில் ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலுக்கு நாங்கள் சிபாரிசு செய்வதில்லை, கிளச் சூடேறிவிடும். இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு உண்மை மிஞ்சும். பராமரிக்காத 1என்.இசட்.டை விடப் பராமரித்த பிரியஸ் மேல். எது பராமரித்தது என்று கண்டுபிடிக்கத்தான் ஆறிய எஞ்சினைக் கேட்கிறோம். ஓடிய தூரம் காட்டும் மீற்றரை நம்பச் சொல்லாதீர்கள். பத்து வருடம் ஓடிய வண்டியில் 62,000 கிலோமீற்றர் என்று காட்டும் மீற்றருக்கும், பிடி வழுக்கித் தேய்ந்து கிடக்கும் ஸ்டியரிங்குக்கும் உள்ள உறவைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.

உங்கள் விளம்பரங்களைப் படித்தால் இந்த நாட்டில் ஓடும் எல்லாக் காரையும் ஒரு டாக்டரம்மாதான் ஓட்டியிருக்கிறார், அதுவும் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் மட்டும். இத்தனை டாக்டரம்மாக்கள் இருந்தும் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் டாக்டரைத் தேட வேண்டியிருக்கிறதே, அது எப்படி என்று தெரியவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் பழைய வண்டி வயதாக வயதாக விலை ஏறிய அதிசயத்தைப் பார்த்தோம். திறந்த பிறகும் சி.சி.க்கு ஒரு வரி, அதன் மேல் 18 சதவீத வற் (பெறுமதி சேர் வரி) என்று அடுக்கி வைத்திருப்பதால் ஒரு மரக்கறி வியாபாரியோ வாத்தியாரோ புதிய வண்டியை எட்டிப் பார்க்க முடியாது. வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் மகள் அனுப்பிய காசோடு, மிச்சத்துக்கு ஐந்து வருட லீசிங் போட்டு, உங்களிடம்தான் வர வேண்டியிருக்கிறது. எஞ்சின் இரண்டாம் வாரம் செத்தாலும் லீசிங் தவணை சாகாது. வேறு வழியில்லாதவரிடம் சூடான எஞ்சினைக் காட்டி விற்பதற்கு என்ன பெயர் வைப்பது என்று...

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. வரி உங்கள் கையில் இல்லை. காலையில் சாவியைத் திருப்புவதும் திருப்பாமல் விடுவதும் உங்கள் கையில் இருக்கிறது.

முற்றத்தில் வண்டிகள் ஒன்றை ஒன்று மறித்து நிற்கின்றன, எடுக்காமல் கழுவ முடியாது என்பீர்கள். அப்படியானால் போன் வந்த வண்டியை முதல் நாள் மாலையே முன்வரிசைக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். மறுநாள் அதைக் கழுவ வேண்டாம். மலைக்காரர்களுக்குத் தூசி பழக்கம். பெட்டரி இறங்கிவிடும் என்பீர்கள். ஒரு இரவு நின்றதற்கே ஸ்டார்ட் பிடிக்காத வண்டி என்றால், அதையும் வாங்குகிறவர் தெரிந்துகொள்ளட்டும். யாருக்கோ காட்ட அவசரமாக ஸ்டார்ட் பண்ண வேண்டி வந்துவிட்டதா? ஒரு போன் பண்ணி "நாளைக்கு வாங்க" என்று சொல்லுங்கள். தலவாக்கலையிலிருந்து குருநாகலுக்கு வீணாக வருவதை விட அது எவ்வளவோ மேல்.

உங்களில் சிலர் இப்போதே இப்படித்தான் நடக்கிறீர்கள். வாங்குகிறவரின் கையைப் பிடித்து எஞ்சின் மேல் வைத்து, "பாருங்க, ஐஸ்" என்று சொல்லி விற்கிறவர்களை எங்களுக்குத் தெரியும். கராஜுக்கு யோசனை கேட்டு வருகிறவர்களை அவர்களிடம்தான் அனுப்புகிறோம். மற்றவர்களிடமும் அனுப்பத் தயார்.

தயவு செய்து ஆறிய எஞ்சினைக் காட்டுங்கள். சனிக்கிழமைகளில் மலையிலிருந்து வருகிறவர்கள் முதல் பஸ்ஸில் வருவார்கள். அவர்கள் வந்து சேரும் வரை சாவி மேசை லாச்சியிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
மலையகத்துக் கராஜ்காரர்கள் சிலர்