1931க்கும் 1947க்கும் நடுவில்

தெலுக் இந்தான்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

உன்னோடு வேலை செய்யும் தோழி, 2022இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட 1921ஆம் ஆண்டு இங்கிலாந்துக் குடிமதிப்புப் படிவத்தில் தன் கொள்ளுத்தாத்தாவை, அவருடைய முதலாளியின் பெயர் உட்படக் கண்டுபிடித்ததைச் சொல்லி, பெரிய தாத்தாவையும் அப்படித் தேட முடியாதா என்று கேட்டிருந்தாய். மலாயாவிலும் 1921இலும் 1931இலும் கணக்கெடுத்தார்கள். ஆனால் நம் கைக்குக் கிடைப்பது அச்சிட்ட அறிக்கை. அதில் தமிழர் இத்தனை, தெலுங்கர் இத்தனை என்றிருக்குமே தவிர ஆள் பெயர் இராது. 1941இல் போர் வந்தது. அடுத்த கணக்கு 1947இல்தான். (உன் தோழியும் அதிகம் பெருமைப்பட வேண்டாம்; அவர்களுடைய 1931 படிவங்கள் 1942இல் தீயில் எரிந்துபோயின, 1941இல் கணக்கே எடுக்கவில்லை.)

என் பெரியப்பா, அதாவது உன் பெரிய தாத்தா, காணாமல் போனதும் அந்தப் பதினாறு ஆண்டு இடைவெளியில்தான். கைக்குழந்தை தவழ்வதற்கு முன்பே கப்பலேறி ஊருக்கு ஓடிவிட்டார் என்று லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், பேசிய பேச்சைக் கேட்டே அந்தக் குழந்தையான உன் அத்தை வளர்ந்தார்.

சென்ற வாரம் அத்தையின் பழைய சூராட் பிரானாக்கை, அதாவது பிறப்புச் சான்றிதழை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மடிப்புகளில் நூலாய் நைந்திருக்கிறது. பிறந்த ஆண்டு 2603 என்றிருப்பதைக் எழுதிய கிராணியின் (எழுத்தரின்) கைப்பிழை என்றே இத்தனை காலமும் எல்லாரும் நினைத்திருந்தோம். அது அப்போது இங்கே ஆண்ட ஜப்பானியரின் ஆண்டுக்கணக்கு. 660ஐக் கழித்தால் 1943. பிறப்பை அறிவித்தவர் என்ற இடத்தில் தந்தை என்று எழுதி, பக்கத்தில் ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை.

ஆகவே 1943இல் அவர் இங்கேதான் இருந்திருக்கிறார். அப்போது நாகப்பட்டினத்துக்கு எந்தக் கப்பலில் ஏறியிருக்க முடியும்? ஜப்பானியர் வந்ததோடு அந்தப் போக்குவரத்து நின்றுபோய், போர் முடிந்த பிறகே மீண்டும் தொடங்கியது. தோட்டத்து ஆண்களைச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்துக்கு) ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனதும் அதே 1943இல்தான். அவர் அதில் போனார் என்பதற்கு என்னிடம் காகிதம் இல்லை, ஆனால் ஓடிப்போனார் என்ற பேச்சை இனி நான் ஏற்க மாட்டேன்.

அத்தையிடம் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். மறுபேச்சுப் பேசாமல் சூராட்டை வாங்கி, அந்த ரேகையின் மேல் தன் பெருவிரலை வைத்துப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதனால்தான் நீ கேட்ட நகலை இத்துடன் அனுப்ப முடியவில்லை.

அன்புடன்,
அப்பா