மகளுக்கு, பெருநாளைக்கு முன்

கீழக்கரை
ரமலான் பிறை 12

அன்பு மகளுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

பனைக்குளத்துப் பையன் ஜெர்மனிக்குத் திரும்பப் போகிறான் என்று கேள்விப்பட்டதும் இதை எழுத உட்கார்ந்தேன். போனில் நீ பேசும்போது பிள்ளைகள் பக்கத்தில் நிற்கிறார்கள், மாப்பிள்ளையும் உள்ளே இருக்கிறார். "அப்புறம் கூப்பிடுறேன் உம்மா" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை.

வாப்பா நலம். சுகர் கொஞ்சம் கூட இருந்தது, மருந்தை மாற்றி நோன்பு வைக்கிறார். தம்பி மகளுக்குப் பல் முளைத்துவிட்டது. மற்றதெல்லாம் பழையபடிதான்.

போன வாரம் நீ சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. "இங்கே பெருநாள் வெள்ளிக்கிழமை வந்தா ஸ்கூல் இருக்கு, ஞாயிற்றுக்கிழமை வச்சுக்கலாம்" என்றாய். அப்படிச் செய்யாதே மகளே. பிரியாணியை ஞாயிற்றுக்கிழமை ஆக்கு, விருந்தாளிகளை அன்றைக்குக் கூப்பிடு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் பெருநாள் பெருநாளன்றுதான். அது தள்ளி வைக்கிற காரியம் இல்லை. நீ பிறந்த 1993இலும் இதே பங்குனி வெயிலில்தான் நோன்புப் பெருநாள் வந்தது. வருடம் பத்துப் பதினோரு நாள் முன்னதாக நகர்ந்து நகர்ந்து, முப்பத்து மூன்று வருடம் சுற்றி மறுபடி பங்குனிக்கே வந்திருக்கிறது. இந்தச் சுற்று அத்தனை வருடமும் நம் வீட்டில் ஒரு பெருநாள்கூட விடுபட்டதில்லை.

ஸ்கூலில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அன்றைக்கு லீவு கொடுப்பார்கள் என்று போன வருடம் நீயேதான் சொன்னாய். எழுதிக் கொடு. கேட்க வெட்கப்படாதே. ராமநாதபுரத்தில் பஸ் ஏறத் தெரியாமல் நின்ற பெண், இன்று அந்த ஊர் பாஷையில் டாக்டரிடம் பேசுகிறாள் என்று இங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஒரு லீவு லெட்டர் உனக்குப் பெரிதா?

லீவு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. 2020 மே 25ஆம் தேதி ஞாபகம் இருக்கிறதா? ஊரே பூட்டிக் கிடந்தது. பள்ளிவாசலில் தொழுகை இல்லை. நம் மொட்டை மாடியில் பாய் விரித்து, தம்பி முன்னால் நிற்க, நாம் பின்னால் நின்று தொழுதோம். முதல் ரக்அத்தில் அல்லாஹு அக்பர் என்று ஏழு தக்பீர், இரண்டாவதில் ஐந்து. உன் பெரியவள் தவழ்ந்து வந்து வாப்பாவின் முசல்லாவைப் பிடித்து இழுத்தாள். வீட்டில் தொழுதாலும் பெருநாள் தொழுகைதான் என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் அப்போதே சொன்னார். சூரியன் உதித்துக் கொஞ்ச நேரத்திலேயே தொழுதுகொள்ளலாம், மதியம் லுஹர் நேரம் வரும் வரை நேரம் இருக்கிறது. பிள்ளைகளைக் குளிப்பாட்டி, அத்தர் தடவி, நாலு பேரும் நின்று தொழுதுவிட்டு ஸ்கூலுக்கு அனுப்பு. தொழுமுன் பேரீச்சம்பழம் கொடு. ஒன்றோ மூன்றோ, ஒற்றைப்படையாக. சின்னவனையே எண்ணச் சொல், அவனுக்கு எண்ணுவதில் ஆசை.

புது உடுப்பு வாங்கவில்லையே என்று மட்டும் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. இருப்பதில் நல்லதைத் துவைத்துத் தேய்த்துப் போட்டால் போதும். பெருநாளுக்குப் பணம் தேவையில்லை. இதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

முதல் நாள் சாயங்காலம் மஃரிபுக்குப் பிறை தெரிந்ததும் வீட்டில் தக்பீர் சொல்ல ஆரம்பித்துவிடு. சத்தமாகச் சொல். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று முணுமுணுக்காதே. ஜன்னலை அடைத்துக்கொண்டாவது சத்தமாகச் சொல். பிள்ளைகளுக்குப் பெருநாள் முதலில் காதில்தான் ஏற வேண்டும். இங்கே நாலு பள்ளிவாசல் மைக்கும் சேர்ந்து உனக்கு அதைச் செய்தன. அங்கே நீதான் செய்ய வேண்டும். உங்களுக்கு மஃரிப் ஆகும்போது இங்கே பதினொரு மணி ஆகிவிடும். நான் முழித்திருப்பேன். போனைப் போட்டு வை, பெரியவள் தக்பீர் சொல்வதை நான் கேட்க வேண்டும். போன பெருநாளுக்கு ஒரு போட்டோகூட நீ அனுப்பவில்லை. கேட்டால் மறந்துபோச்சு என்றாய். நீ மறக்கிற பிள்ளை இல்லை.

ஃபித்ரா தர்மத்தைப் பிள்ளைகள் கையால் அளக்க வை. தலைக்கு ஒரு ஸாவு அளவு, மூன்று கிலோ அரிசி என்று வைத்துக்கொள். நீ ஒரு பாத்திரத்தைப் பிடி, அவர்கள் அள்ளிப் போடட்டும். சிந்தினால் சிந்தட்டும். இது உம்மாவுக்கு, இது வாப்பாவுக்கு, இது எனக்கு என்று சொல்லிச் சொல்லி அளக்கும்போதுதான், தன் பேரிலும் ஓர் ஏழைக்குச் சோறு போகிறது என்று பிள்ளைக்குப் புரியும். நீ இருக்கும் ஊரிலேயே கொடுப்பதுதான் முறையாம். பெருநாள் தொழுகைக்கு முன்பே கொடுத்துவிடு. அந்த ஒரு பகலுக்கும் இரவுக்கும் நம் தேவை போக மிச்சம் இருப்பவர்களுக்குத்தான் ஃபித்ரா கடமை. இல்லாதவர்கள் மேல் குற்றம் இல்லை. உனக்குத் தெரியும், சும்மா எழுதினேன்.

வட்டிலப்பம் கட்டாயம் செய். பத்து முட்டை, ஒரு முழுத் தேங்காயின் முதல் பால், கருப்பட்டி, ஏலக்காய். அங்கே டப்பாவில் விற்கிற தேங்காய்ப்பால் போதும். கருப்பட்டியைப் பையனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், சாயல்குடிப் பக்கத்துச் சரக்கு. கரைத்து வடிகட்டிக்கொள், மண் இருக்கும். முட்டையை நுரை வர அடிக்காதே, அப்புறம் ஓட்டை ஓட்டையாக வரும். மூடிக்குக் கீழே துணி கட்டு, ஆவித்தண்ணீர் சொட்டக்கூடாது. பத்து முட்டை அதிகம் என்றால் நாலு முட்டையில் செய். நாலு முட்டையில் செய்தாலும் அது வட்டிலப்பம்தான்.

பார்சலில் தொதலும் இருக்கிறது. இந்த முறை கடையில் வாங்கவில்லை. நானும் உன் சாச்சியும் மாற்றி மாற்றிக் கிண்டினோம். எண்ணெய் நன்றாகப் பிரிந்து வந்தது, ஒரு மாதம் தாங்கும். அந்த டப்பாவுக்கு அடியில் ஒரு கவர் இருக்கும். பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு. வாப்பா யூரோவாக மாற்றி வைத்திருக்கிறார். பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பத்துப் பத்து கொடு, உம்மம்மா வீட்டுப் பெருநாள் காசு என்று சொல்லிக் கொடு. மிச்சம் உன்னிடம் இருக்கட்டும். கவரைத் தனியாக இருக்கும்போது பிரி.

அன்றைக்கு வீடியோவில் பெரியவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாய். உன் இரண்டு கையும் வெறுமையாக இருந்தது. கல்யாண வளையலை நீ கழற்றி நான் பார்த்ததில்லை. மணி இங்கே நாலு, அங்கே காலை பதினொன்றரை, வேலை நாள். மாப்பிள்ளை பின்னால் சோபாவில் உட்கார்ந்திருந்தார். வாப்பாவும் பார்த்துவிட்டு "வளையல் எங்கே?" என்று கேட்டார். பாத்திரம் தேய்க்கக் கழற்றி வைத்திருப்பாள் என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் நான் கேட்கப் போவதில்லை. நகை போனால் போகட்டும். மாப்பிள்ளை நல்ல மனிதர், அவர் முகம் வாடும்படி எதையும் பேசிவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. விடியுமுன் சஹருக்கு வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு நோன்பு வைக்காதே. பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிற பழக்கம் உனக்கு உண்டு, அது வேண்டாம்.

உன் வீட்டைத் திறந்து, கூட்டி, வெள்ளை அடித்து வைத்திருக்கிறோம். வாடகைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், வாப்பா கொடுக்கவில்லை. அது உனக்குக் கொடுத்த வீடு, நீ எப்போது வந்தாலும் உன் வீட்டுக்குத்தான் வருகிறாய், யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளைக்கும் இது அந்நிய வீடு இல்லை. ஹஜ்ஜுப் பெருநாள் மே கடைசி வாரம் வருகிறது. நாலு பேருமாக வாருங்கள். அதற்கு முன்னாலே வருவதானாலும் சரி. டிக்கெட்டை வாப்பா பார்த்துக்கொள்வார், பாஸ்போர்ட்டில் பேர் எப்படி இருக்கிறது என்று மட்டும் நாலு பேருக்கும் எழுதி அனுப்பு.

துஆவுடன்
உம்மா