ஷட்டர் மூடிய நாட்களுக்கு ஒரு பாலிசி: காப்பீட்டு ஆணையத்துக்குத் திறந்த மடல்

ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கோவை கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை, அதாவது இரும்பு கடையும் பட்டறை, வைத்திருக்கிறேன். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், நான், உதவிக்கு ஒரு பையன். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க். ஊரில் என்னை முதலாளி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பட்டத்தால் வந்த சங்கடத்தைச் சொல்லத்தான் இந்த மடல்.

போன வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். குடும்பத்துக்கு 5 லட்சத்துக்கு ஒரு ஹெல்த் பாலிசி இருந்ததால் பில் பற்றிக் கவலைப்படவில்லை. கையுறை, பஞ்சு என்று கொஞ்சம் கழித்தார்கள், அது வழக்கம்தான். டிஸ்சார்ஜ் அன்று காப்பீட்டுக் கம்பெனியின் கடைசி அனுமதி மூன்று மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்று 2024இல் நீங்கள் போட்ட உத்தரவு இருக்கிறதே, அதன்படியே வந்துவிட்டது. வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்து சேர்ந்தேன். உங்களைத் திட்டி எழுதுகிற மடல் இல்லை இது என்று புரிவதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயமே ஆரம்பித்தது. ஒன்பது வாரம் ஓய்வு என்றார் டாக்டர். உட்கார்ந்தால் தலை சுற்றும், நின்றால் கால் நடுங்கும். லேத்தில் இரும்பைப் பிடித்துச் சுழற்றும் சக் சுற்றிக்கொண்டிருக்கும்போது இந்த நிலையில் முன்னால் போய் நிற்க முடியாது. பையன் புஷ் கடைவான், ஷாஃப்ட்டில் அவனுக்கு இன்னும் கை படியவில்லை. முதல் வாரம் பொறுத்த கம்பெனிக்காரர், மூன்றாவது வாரம் பீஸை எடுத்துக்கொண்டு இன்னொரு பட்டறைக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? அவருக்கு அவர் டெலிவரி.

ஷெட் வாடகை 9,000. மிஷின் லோன் தவணை 14,200. பையன் சம்பளத்தை நிறுத்த மனசு வரவில்லை. மிஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கரண்ட்டுக்கு நிலைக்கட்டணம் உண்டு. ஒன்பது வாரமும் இவை வந்துகொண்டே இருந்தன, வரவு மட்டும் இல்லை. கடைசியில் மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. ஆஸ்பத்திரிக்காகப் போகவில்லை, அதைக் கவனியுங்கள். ஆஸ்பத்திரிக்குக் காப்பீடு இருந்தது. மூடிக் கிடந்த ஷட்டருக்குத்தான் இல்லை.

என் தங்கச்சி வீட்டுக்காரர் பக்கத்துத் தெருவில் பெரிய கம்பெனியில் இதே லேத்தைத்தான் ஓட்டுகிறார். மாதச் சம்பளம் 21,000க்குள் என்பதால் ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு உண்டு. அவருக்கு இதே காமாலை வந்திருந்தால், சந்தா ஒழுங்காகக் கட்டியிருக்கும் பட்சத்தில், சம்பளத்தில் 70 சதவீதத்தை வருஷத்துக்கு 91 நாள் வரை வாங்கியிருப்பார். ஈஎஸ்ஐ சட்டம் 1948ஆம் வருஷத்தது. நோயாளிக்குச் சிகிச்சை மட்டும் போதாது, அடுப்பும் எரிய வேண்டும் என்பது அன்றைக்கே புரிந்திருக்கிறது. நான் முதலாளி ஆயிற்றே, எனக்கு அது கிடையாது.

சரி, தனியாராவது தருகிறார்களா என்று உடம்பு தேறியதும் உட்கார்ந்து தேடினேன். ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் பணம் தருகிற பாலிசி இருக்கிறது. எனக்கு அது ஐந்து நாளோடு முடிந்திருக்கும். புற்றுநோய், மாரடைப்பு போன்ற பெரிய வியாதிகளுக்கு மொத்தமாகத் தருகிற பாலிசி இருக்கிறது. அந்தப் பட்டியலில் இடம் பிடிக்கிற அளவுக்கு என் காமாலைக்குத் தகுதி இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து வருஷத்துக்கு 20 ரூபாய் எடுக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா ஏற்கெனவே எனக்கு உண்டு. 20 ரூபாய்க்கு 2 லட்சம் வரை என்பது பெரிய விஷயம்தான், ஆனால் விபத்தில் உயிர் போக வேண்டும், இல்லை கண்ணோ கையோ காலோ நிரந்தரமாகப் போக வேண்டும். லேத் வேலையில் முதலில் போவது விரல். விரல் அந்தக் கணக்கில் இல்லை.

நான் தேடியதிலேயே உருப்படியானது நீங்கள் வகுத்ததுதான். 2021 ஏப்ரலில் எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி விற்க வேண்டும் என்று கொண்டுவந்தீர்களே, சரல் சுரக்ஷா பீமா. அதில் விரலுக்கு இவ்வளவு என்று அட்டவணையே இருக்கிறது. கூடுதல் பிரீமியம் கட்டினால், விபத்தில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு, காப்புத் தொகையில் 0.2 சதவீதம் வாராவாரம் கிடைக்கும், 100 வாரம் வரை. 10 லட்சத்துக்கு எடுத்தால் வாரம் 2,000 ரூபாய். மாதத்துக்குக் கூட்டினாலும் ஷெட் வாடகைக்கே முழுசாகப் போதாது, இருந்தாலும் அடகுக் கடைப் படியேறுவதைத் தள்ளிப்போடலாம். ஆனால் அதுவும் விபத்துக்கு மட்டும். கை மிஷினில் மாட்டினால் பணம் உண்டு, டைபாய்டில் படுத்தால் இல்லை. வேலை நின்றுபோவது இரண்டிலும் ஒன்றுதானே?

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அதே சரல் வரிசையில் நோய்க்கும் சேர்த்து ஒரு வருமானப் பாலிசி கொண்டுவாருங்கள். முதல் இரண்டு வாரத்தை நாங்களே சமாளித்துக்கொள்கிறோம். 15ஆம் நாளிலிருந்து, 12 வாரம் வரை, நாளுக்கு 500 ரூபாய் என்று வைத்தால்கூடப் போதும். பிரீமியத்தை மாதத் தவணையாக மட்டும் வைக்காதீர்கள். தீபாவளிக்கு முன்னால் கையில் காசு புரளும், சில மாதம் டீக்காசு தேறாது. பணம் வரும்போது முன்கூட்டியே கட்டிவைக்க வழி இருந்தால் பாலிசி பாதியில் சாகாது.

காப்பீட்டுக் கம்பெனிகள் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். சுயதொழில்காரன் வருமானத்தை எப்படி நம்புவது, படுத்திருக்கிறான் என்று யார் பார்த்தது? முதல் கேள்வியில் எங்கள் பக்கத் தப்பும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். வருமானவரிக் கணக்கில் குறைத்துக் காட்டிவிட்டு, உயிர் போனால் குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் பாலிசிக்குப் போகும்போது ஒரு கோடி கொடு என்றால் யார் கொடுப்பார்கள்? என் ஆடிட்டர் இதைச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் நாள் 500 என்பதற்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டியதில்லை. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இருக்கிறது, ஜிஎஸ்டி கட்டுகிறவர்களுக்கு ரிட்டர்ன் இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு டாக்டர் சான்றிதழோடு கரண்ட் பில்லையும் கேளுங்கள். மீட்டர் பொய் சொல்லாது. தையல்காரர், வெல்டர், மாவு மில்காரர் என்று மிஷின் வைத்துப் பிழைக்கிற யாருக்கும் இது பொருந்தும். ஆட்டோக்காரருக்கும் பூக்காரம்மாவுக்கும் வேறு வழி தேட வேண்டியிருக்கும், அது நிஜம்.

அப்புறம், விண்ணப்பப் படிவம் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்துப் பட்டறை அண்ணன் ஒருவருக்கு கிரைண்டிங் வீலில் இரண்டு விரல் போயிற்று. விபத்துப் பாலிசி வைத்திருந்தார். படிவத்தை நிரப்பிய ஏஜென்ட், தொழில் என்ற இடத்தில் ‘வியாபாரம்’ என்று போட்டிருக்கிறார். மிஷினில் வேலை செய்கிறவர் என்றால் பிரீமியம் கூடும், அண்ணனுக்கு அது தெரியாது, படிவமோ இங்கிலீஷில். தொழிலை மறைத்துவிட்டார் என்று க்ளெய்மைத் தள்ளிவிட்டார்கள். சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், செலவில்லாமல் மனு கொடுக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கே பிறகுதான் தெரிந்தது. ஆடிட்டரும் வெல்டரும் ‘சுயதொழில்’ என்ற ஒரே கட்டத்தில் டிக் அடிக்கிற படிவங்களை முதலில் மாற்றச் சொல்லுங்கள். என்ன மிஷின், என்ன வேலை என்று தமிழிலேயே கேட்டால் நாங்களே சொல்லிவிடுவோம்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி போய்விட்டது. அதற்கான நன்றி ஜிஎஸ்டி கவுன்சிலுக்குச் சேர வேண்டியது, உங்களுக்கு இல்லை. 2047க்குள் அனைவருக்கும் காப்பீடு என்பது நீங்கள் சொன்னது. உயிர், உடல்நலம், விபத்து, சொத்து எல்லாம் ஒரே பாலிசியில் வரும் என்று பீமா விஸ்தார் பற்றியும் சொன்னீர்கள். அந்த நான்கோடு ஐந்தாவதாக, படுத்த நாள் கூலியையும் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். 2047இல் எனக்கு 65 தாண்டியிருக்கும், அப்போது கிடைத்து நான் என்ன செய்ய?

என் பழைய கரண்ட் பில்களை எடுத்து வைத்திருக்கிறேன். சாதாரணமாக மாதம் 400 யூனிட்டுக்குக் குறையாமல் ஓடும். நான் படுத்திருந்த மாதம் 38 யூனிட், அதுவும் பையன் புஷ் கடைந்தது. கேட்டால் நகல் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கணபதியிலிருந்து ஒரு லேத் பட்டறைக்காரன்