பாண்டனால்: ஜாகுவாரோடு தண்ணீரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரேசிலின் பாண்டனால் சதுப்பு நிலத்தைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் ஒன்று ஜாகுவார், இல்லையென்றால் காட்டுத்தீ. இரண்டைத் தவிர வேறு படமே இல்லை. மாட்டோ குரோசோ மாநிலத்தின் பீடபூமியில் மண் பரிசோதனை வேலையில் சில ஆண்டுகள் இருந்தவள் நான். விடுமுறை கிடைத்தால் மேட்டிலிருந்து இறங்கிப் பாண்டனாலுக்குத்தான் போவோம். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

கட்டுரையில் விடுபட்டது தண்ணீர். பாண்டனால் கிட்டத்தட்டத் தட்டையான சமவெளி. அக்டோபர் முதல் மார்ச் வரை சுற்றியுள்ள மேட்டு நிலத்தில் பெய்யும் மழை, பராகுவே ஆற்றிலும் துணையாறுகளிலும் இறங்கிக் கரை தாண்டிப் பரவுகிறது. வடக்கே காசெரஸ் பக்கம் மார்ச் வாக்கில் உச்சத்துக்கு வரும் வெள்ளம், தெற்கே கொரும்பாவைத் தொட மே, ஜூன் ஆகிவிடும். மாதக்கணக்கில் ஏறி, மாதக்கணக்கில் வடியும் இந்த நிதானத்தை நம்பித்தான் அங்கே பாலூட்டிகள் பிழைக்கின்றன.

சதுப்பு மானை எடுத்துக்கொள்ளுங்கள். தென் அமெரிக்காவிலேயே பெரிய மான் அது. நீண்ட கால்கள்; குளம்பின் இரு விரல்களுக்கும் நடுவே ஒரு சவ்வு. சேற்றில் காலை வைத்ததும் குளம்பு அகல விரிகிறது, எடுக்கும்போது குவிகிறது. முழங்கால் அளவு நீரில் அது புல் மேய்ந்துகொண்டு போவதை நின்று பார்த்திருக்கிறேன், சலசலப்பே கேட்காது. ஆனால் நீர் ஆழமாகிவிட்டால் அதற்கு அங்கே இடமில்லை. முழுக்கக் காய்ந்துவிட்டாலும் இல்லை.

ராட்சத நீர்நாயும் அப்படித்தான். மூக்கு முதல் வால் வரை ஓர் ஆள் நீளம் இருக்கும். குடும்பமாக வாழும், குடும்பமாகவே வேட்டையாடும். மீனை முன்னங்கால் இரண்டாலும் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து தின்னத் தொடங்கும். எலும்பு நொறுங்கும் சத்தம் படகு வரை கேட்கும். தொண்டையிலுள்ள வெளிர்நிறத் திட்டு ஒவ்வொன்றுக்கும் வேறு மாதிரி என்பதால், ஆய்வாளர்கள் அதை வைத்தே ஆளை அடையாளம் காண்கிறார்கள். கடந்த நூற்றாண்டில் தோலுக்காகச் சுட்டுத்தள்ளி, பல ஆறுகளில் இவற்றை அடியோடு ஒழித்தார்கள். 1967-இல் பிரேசில் வேட்டையைத் தடை செய்த பிறகு மெல்ல மீண்டு வந்த இனம் இது. உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

பெரிய கொறிவிலங்கான கேபிபாரா, குட்டித் தும்பிக்கை போன்ற மூக்குள்ள டேபிர், பெரிய எறும்புண்ணி, உடலில் ஓடு போர்த்திய ராட்சத ஆர்மடில்லோ என்று இன்னும் எத்தனையோ இருக்கின்றன. வெள்ளம் ஏறும்போது இவற்றில் பலவும் சற்றே உயர்ந்த மரத்திட்டுகளுக்கு ஒதுங்கும். ராட்சத ஆர்மடில்லோ தோண்டிவிட்டுப் போன வளைகளில் வேறு பல விலங்குகள் வந்து தங்குகின்றன. ஜாகுவாரும் இந்தக் கூட்டத்தில் ஒன்றுதான். கேபிபாராவும் கெய்மான் முதலையும் இல்லாவிட்டால் அதற்கு இரை ஏது?

இப்போது தீக்கு வருகிறேன். 2020-இல் பாண்டனாலின் பிரேசில் பகுதியில் கால் பங்குக்கு மேல் எரிந்தது. ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் முதுகெலும்புள்ள உயிர்கள் இறந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வெள்ளம் வராத ஆண்டுகளில், தண்ணீருக்கு அடியில் கிடக்க வேண்டிய மக்கிய தழையெல்லாம் காய்ந்து, தீ மண்ணுக்குள்ளேயே புகைந்துகொண்டு போகிறது. மேலே அணைத்தாலும் வேறோர் இடத்தில் கிளம்பும். 2024 அக்டோபரில், கொரும்பாவை ஒட்டிய லடாரியோ ஊரில் நீர்மட்டம் பார்க்கும் அளவுகோலில் பராகுவே ஆறு, 1900 முதல் எடுத்துவரும் கணக்கிலேயே மிகத் தாழ்வான மட்டத்துக்கு இறங்கியது. அந்த ஆண்டும் பெரும் தீ. தண்ணீரையும் தீயையும் பிரித்துப் பேசக் கூடாது.

ஆறுகள் பிறக்கும் மேட்டு நிலத்தைத்தான் நான் தினமும் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் சோயா. காட்டை வெட்டிய சரிவுகளில் ஒரு கனமழை பெய்தால் மணல் அப்படியே ஓடைக்குள் இறங்கிவிடும். மேட்டிலிருந்து பாண்டனாலுக்குள் இறங்கும் தக்குவாரி ஆற்றுக்கு நேர்ந்தது இதுதான். மணல் சேர்ந்து படுகை உயர்ந்து, ஆறு கரையை உடைத்துக்கொண்டு வேறு வழியில் போனது. பருவத்துக்கு மட்டும் நனைந்த பெரும் பரப்பு இப்போது ஆண்டு முழுக்க நீரில் கிடக்கிறது.

பாண்டனாலின் தென்பகுதி அடங்கிய மாட்டோ குரோசோ டோ சுல் மாநிலம் 2023 டிசம்பரில் பாண்டனாலுக்கென்று தனிச்சட்டம் கொண்டுவந்து, அங்கே புதிதாகச் சோயாவும் கரும்பும் பயிரிடுவதைக் கட்டுப்படுத்தியது. நல்ல காரியம். ஆனால் அந்தச் சட்டம் சமவெளிக்கானது. மணல் வருவது மேட்டிலிருந்து. இன்னொரு பக்கம், சரக்குப் படகுகளுக்காகப் பராகுவே ஆற்றை ஆழப்படுத்தும் திட்டம் பல ஆண்டுகளாகவே பேச்சில் இருக்கிறது. படுகையைத் தோண்டினால் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும். அப்புறம் சதுப்பு மான் எங்கே நின்று மேயும்?

ஆகவே என் வேண்டுகோள் இது. தொடர்ச்சியாக இன்னொரு கட்டுரை வெளியிடுங்கள். அதில் மேட்டு நிலத்து ஓடைகளையும், ஆற்றைத் தோண்டும் திட்டத்தையும் விளக்குங்கள். படத்துக்கு இந்த முறை ஒரு நீர்நாய்க் குடும்பத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
மண் பரிசோதனைத் துறையில் பணியாற்றிய உங்கள் வாசகி