பாட்டுக்குப் பூட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. சாயக்கழிவால் கிணற்றுத் தண்ணீர் கெட்டதைப் பாட்டாகக் கட்டி, எங்கள் பகுதிப் பறைக்குழு ஒன்று கூட்டங்களில் பாடி வந்தது. அப்புறம் அவர்களுக்கு ஒலிபெருக்கி அனுமதி கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. போலீசார் பாட்டை எழுதிக் கொடு என்கிறார்கள், காலையில் தந்த அனுமதியைச் சாயங்காலம் திரும்பப் பெறுகிறார்கள். இதைப் பார்த்துக் கோயில் கமிட்டிக்காரர்களும் பயந்துகொண்டு நோம்பிக்குக் கூப்பிடுவதில்லை. மாசி, பங்குனியில் வருகிற வரும்படிதான் அந்தக் கலைஞர்களுக்கு வருசத்துக்குச் சோறு. வழக்கே போடாமல் வயிற்றில் அடிக்கிறார்கள்.

2015 அக்டோபரில், மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடிய நாட்டுப்புறப் பாடகர் கோவனைத் திருச்சியில் கைது செய்து, தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். 2018இல் இன்னொரு பாட்டுக்காக மறுபடியும் கைது. நாடகத்துக்கு முன்கூட்டியே கதையைக் காட்டி அனுமதி வாங்கச் சொன்ன 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாது என்று சொல்லிவிட்டது. சரி, பிறகு எந்த உரிமையில் பாட்டை எழுதிக் கேட்கிறார்கள்? ஆட்சியில் எந்தக் கட்சி இருந்தாலும் என் கேள்வி இதுதான்.

அனுமதி மறுத்தால் காரணத்தை எழுத்தில், நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்பாகவே தர வேண்டும். வாய்மொழியாக மிரட்டி அனுப்புவதை முதல்வர் நிறுத்த வேண்டும். மாசி வருவதற்குள் இதைச் செய்தால் அந்தக் குழுவுக்கு இந்த வருசமாவது மேடை கிடைக்கும்.

- ஒரு வாசகர், சென்னிமலை வட்டாரம்